ரொனால்டோ நசாரியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொனால்டோ என்று தேடினால் போர்ச்சுகல் வீரர்தான் வருகிறார். இந்தப் பக்கம் யாரைப் பற்றியது?

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோ லூயிஸ் நசாரியோ டி லிமாவைப் பற்றியது. 1976 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். 1994, 2002 உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர். 1997, 2002 ஆண்டுகளில், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் தோர் விருது பெற்றவர். இத்தாலிக்காரர்கள் வைத்த 'ஃபெனோமெனோ' (அதிசயப் பிறவி) என்ற பட்டப்பெயர் இன்றும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய வீடியோக்களைத் தேடுபவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். 1994 உலகக் கோப்பை அணியில் ரொனால்டோ என்ற பெயரில் வயதில் மூத்த தற்காப்பு வீரர் ஒருவர் இருந்தார். அதனால் இவரைச் சின்னவர் என்ற பொருளில் ரொனால்டினோ என்று அழைத்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவர் சட்டையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. ஆகவே 1990-களின் நடுப்பகுதியில் வந்த செய்திகளில் 'ரொனால்டினோ' என்று இருந்தால் அது பெரும்பாலும் இவர்தான். பின்னாளில் பார்சிலோனாவில் ஆடிய ரொனால்டினோ வேறு ஆள். 'ரொனால்டோ நசாரியோ' அல்லது 'ஆர்9' (பெயரின் முதல் எழுத்தும் சட்டை எண்ணும்) என்று தேடினால் சரியாக வரும்.

எங்கே கற்றுக்கொண்டார்?

ரியோவின் புறநகரான பென்டோ ரிபெய்ரோவில், பெரும்பாலும் ஃபுட்சால் (சிறிய தளத்தில் ஐவர் ஐவராக ஆடும் கால்பந்து) தளத்தில். வால்கெய்ரே, சோசியல் ராமோஸ் ஆகிய சின்ன கிளப்களில் ஃபுட்சால் ஆடிவிட்டு சாவோ கிறிஸ்டோவாவ் கிளப்பின் இளையோர் அணிக்கு வந்தார். அவருக்குப் பிடித்த அணி ஃபிளமெங்கோ. அங்கே தேர்வுக்குப் போனார், ஆனால் தினமும் பயிற்சிக்கு வந்துபோகப் பேருந்துக் கட்டணத்தைக் கிளப் ஏற்கவில்லை. வீட்டாராலும் கொடுக்க முடியவில்லை. 1970 உலகக் கோப்பை நாயகர்களில் ஒருவரான ஜைர்சின்யோ இவரைக் கவனித்து, பெலோ ஒரிசாண்டேயின் க்ருசேரோவுக்குப் பரிந்துரைத்தார்.

க்ருசேரோவில் 47 ஆட்டங்களில் 44 கோல்கள். 1993 நவம்பரில் பாஹியாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து. அதில் ஒன்று இன்றும் பார்க்கக் கிடைக்கிறது: பாஹியாவின் உருகுவே நாட்டுக் கோல்கீப்பர் ரொடோல்ஃபோ ரொட்ரிகஸ் பந்தைப் பிடித்துவிட்டுத் தன் தற்காப்பாளர்களைத் திட்டியபடி அதைத் தரையில் வைக்கிறார். பின்னால் நின்ற 17 வயதுப் பையன் ஓடிவந்து பந்தைத் தட்டி வலைக்குள் தள்ளிவிடுகிறான். ஆட்டம் நின்றுவிட்டது என்று மற்ற எல்லோரும் நினைத்த நொடியிலும் அவன் கண் பந்தை விட்டு நகரவில்லை.

1994 உலகக் கோப்பையில் ஆடினாரா?

இல்லை. 17 வயதில் அணியோடு அமெரிக்கா போனார், பதக்கமும் வாங்கினார், ஆனால் ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை. முன்களத்தில் ரொமாரியோவும் பெபேட்டோவும் இருந்தார்கள்.

நேரே பெரிய கிளப்புக்குப் போகாமல் ஏன் நெதர்லாந்து?

பிஎஸ்வி ஐன்ட்ஹோவனில் ரொமாரியோ ஐந்து ஆண்டுகள் ஆடியிருந்தார். அங்கே போகச் சொன்னவரும் அவர்தான். முடிவு சரியாக அமைந்தது. முதல் சீசனிலேயே லீக்கில் 30 கோல்கள். இரண்டு சீசன்களில் மொத்தம் 57 ஆட்டங்களில் 54. 1994 செப்டம்பரில் ஐரோப்பிய கிளப்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையில் பேயர் லெவர்குசனிடம் பிஎஸ்வி 4-5 என்று தோற்ற ஆட்டத்தில் இவர் மட்டும் மூன்று அடித்தார். எதிரணியில் அன்று ஆடிய ரூடி ஃபோலர்தான் எட்டு ஆண்டுகள் கழித்து யோகோஹாமாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஜெர்மனியின் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றார்.

முழங்கால் தொல்லையும் ஐன்ட்ஹோவனிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாவது சீசனில் அறுவை சிகிச்சை செய்து பல மாதங்கள் உட்கார வேண்டியிருந்தது. 1999-ல் முழங்கால் கிழிந்ததைத் திடீர் விபத்தாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பார்சிலோனாவில் ஒரே ஒரு சீசன்தானே ஆடினார்? ஏன் இவ்வளவு பேச்சு?

1996-97: 49 ஆட்டங்கள், 47 கோல்கள். ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் மட்டும் 37 ஆட்டங்களில் 34. அப்போது வயது இருபது. ஆனால் எண்ணிக்கைக்காக மட்டும் அந்த சீசன் பேசப்படவில்லை.

அதுவரை நடு முன்கள வீரர் என்றால் பெனால்டி பகுதியில் காத்திருந்து, வரும் பந்தை முடிப்பவர் என்றே பெரும்பாலான அணிகள் வைத்திருந்தன. வேகமாக ஓடுபவர், காலில் வித்தை உள்ளவர், உடல்பலம் உள்ளவர், கோல் முன்னால் பதறாதவர் என்று தனித்தனியாக நால்வர் இருப்பார்கள். நான்கும் ஒரே ஆளிடம் இருந்தால் தற்காப்பு எப்படிக் குலையும் என்பதை அந்த ஆண்டு ஸ்பெயின் பார்த்தது. தள்ளி நின்றால் வேகம் எடுப்பார். நெருங்கினால் பந்தைத் தட்டிக்கொண்டு தாண்டிவிடுவார். சட்டையைப் பிடித்தாலும் விழமாட்டார்.

1996 அக்டோபர் 12, கொம்போஸ்டெலாவுக்கு எதிரான கோல் இதற்குச் சாட்சி. நடுக்கோட்டருகே பந்தைப் பிடிக்கிறார். ஒருவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுக்கிறார், துணி நீள்கிறது, இவர் ஓட்டம் குறையவில்லை. பந்து காலை விட்டு அதிகம் விலகவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு தட்டு, வலது காலால் முடிப்பு. கேமரா பயிற்சியாளர் பாபி ராப்சன் பக்கம் திரும்பும்போது அவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வலென்சியாவுக்கு எதிராக மூன்று கோல்கள். இரண்டு தற்காப்பாளர்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்த மூன்றாவது கோலை கொம்போஸ்டெலா கோலைவிட உயர்வாகச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் ஓட்டு கொம்போஸ்டெலாவுக்கே.

அந்த சீசனில் ஸ்பெயின் கோப்பையான கோபா டெல் ரே கிடைத்தது. ராட்டர்டாமில் நடந்த ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை 1-0 என்று வென்றதும் ரொனால்டோ அடித்த பெனால்டியால்தான். 1996 பாலன் தோர் வாக்கெடுப்பில் ஜெர்மனியின் மத்தியாஸ் சாமரிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்: 144-க்கு 143.

அப்படிப்பட்டவரை ஏன் விட்டார்கள்?

பணப் பேச்சு முறிந்தது. 1997 மே மாதம் கிளப் தலைவர் ஜோசப் லூயிஸ் நூன்யெஸும் இவரது முகவர்களும் புது ஒப்பந்தத்தில் ஒத்துப்போனதாக அறிவிப்பு வந்தது; சில நாட்களில் அது கலைந்தது. ஸ்பெயினில் ஒப்பந்தத்தில் குறித்த விடுவிப்புத் தொகையை யாராவது கட்டிவிட்டால் கிளப்பால் தடுக்க முடியாது. இத்தாலியின் இன்டர் மிலன் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலரைக் கட்டிவிட்டது. அன்றைக்கு அது உலகச் சாதனைத் தொகை. அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனா இவருக்காகக் கொடுத்ததும் சாதனைத் தொகைதான். சில வாரங்களில் இங்கிலாந்து வீரர் ஆலன் ஷியரருக்குக் கொடுத்த தொகை அதை முறியடித்தது.

இத்தாலியத் தற்காப்பை எதிர்த்து எப்படி ஆடினார்?

முதல் சீசனிலேயே இத்தாலிய லீக்கான சீரி ஆ-வில் 25 கோல்கள், எல்லாப் போட்டிகளும் சேர்த்து 34. லீக் பட்டம் யுவென்டஸுக்குப் போனது. 1998 ஏப்ரல் 26 அன்று டூரினில் மார்க் யூலியானோ பெனால்டி பகுதிக்குள் இவர் மேல் மோதியும் நடுவர் பெனால்டி தரவில்லை. அடுத்த தாக்குதலில் மறுபக்கம் யுவென்டஸுக்குப் பெனால்டி கொடுத்தார். இன்டர் ரசிகர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, பாரிஸில் லாட்சியோவுக்கு எதிரான யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி. 3-0. மூன்றாவது கோல் இவருடையது. கோல்கீப்பர் மார்கெஜானி முன்னேறி வர, பந்தைத் தொடாமலே உடலை இருபக்கமும் அசைக்கிறார். கோல்கீப்பர் தரையில் உட்கார்ந்துவிடுகிறார், இவர் சுற்றிக்கொண்டு போய்க் காலி வலையில் அடிக்கிறார். இன்டரில் ஐந்து ஆண்டுகளில் இவர் வென்ற ஒரே கோப்பை அது.

காலைப் பந்தைச் சுற்றிக் கொண்டுபோய் எதிராளியை ஏமாற்றும் அந்த ஸ்டெப்ஓவரை நான் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். வேகம் பிறப்போடு வருவது, அசைவு பழகினால் வரும். ரொனால்டோ செய்தது இந்த வரிசையில்தான்:

பந்து உங்களுக்கு ஓரடி முன்னால், உருண்டுகொண்டிருக்க வேண்டும். எதிராளி ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். வலது காலைப் பந்தின் முன்பக்கமாக, உள்ளிருந்து வெளியே வளைத்துக் கொண்டுபோய்ப் பந்துக்கு வலப்புறம் ஊன்றுங்கள். ஊன்றும்போதே வலது தோள் இறங்கி, முழங்கால் மடங்கி, உடல் எடை அந்தக் காலில் விழ வேண்டும். எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில் இடது காலின் வெளிப்புறத்தால் பந்தை இடப்பக்கம், முன்னோக்கித் தள்ளுங்கள். அதற்கடுத்த மூன்று எட்டுகள் முழு வேகத்தில்.

தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். நான்கு மீட்டர் தள்ளி நின்று செய்தால் எதிராளிக்கு நிதானிக்க நேரம் கிடைக்கும். காலைப் பந்துக்கு மேலே தூக்கிப் போட்டால் தடுமாறுவீர்கள். பாதம் தரையை ஒட்டியே சுற்ற வேண்டும். தோளை இறக்காமல் காலை மட்டும் சுற்றினால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் நல்ல தற்காப்பாளர் காலைவிட இடுப்பைத்தான் பார்ப்பார். கடைசியாக, பந்தைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளினால் எதிராளி திரும்பி வந்துவிடுவார். தள்ளல் அவருக்குப் பின்னால் இருக்கும் இடத்தை நோக்கிப் போக வேண்டும்.

முதலில் நிற்கும் பந்தில் காலுக்கு இருபது முறை, பிறகு நடந்தபடி, பிறகு மெதுவோட்டத்தில், அதன்பின் கூம்பு வைத்து, கடைசியில் உண்மையான ஆளை எதிர்த்து. முழங்கால் வலி இருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள். ஊன்றும் காலின் முழங்கால் மடங்கியபடி முழு எடையையும் தாங்கி நிறுத்தும் அசைவு இது. அவருடைய முழங்கால் தசைநாண் அறுந்ததும் இதே அசைவில்தான்.

1998 உலகக் கோப்பை இறுதிப்போட்டி அன்று உண்மையில் என்ன நடந்தது?

உறுதியாகத் தெரிந்தவை இவை. ஜூலை 12 மதியம், பாரிஸுக்கு வெளியே லெசிக்னியில் அணி தங்கியிருந்த விடுதியில், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. ஒரே அறையில் இருந்த ராபர்டோ கார்லோஸ் கூச்சல் போட, சக வீரர்கள் ஓடிவந்தார்கள். எழுந்தபோது என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. லிலாஸ் மருத்துவமனையில் பரிசோதனைகள் செய்தார்கள். எதிலும் குறை தெரியவில்லை. இதற்கிடையில் மைதானத்தில் பயிற்சியாளர் மாரியோ சகாலோ கொடுத்த அணிப் பட்டியலில் இவருக்குப் பதிலாக எட்மண்டோ பெயர் இருந்தது. ஆட்டத்துக்குச் சற்று முன் ரொனால்டோ நேரே மைதானத்துக்கு வந்து, ஆட முடியும் என்றார். பட்டியல் மாற்றப்பட்டது. ஜிடானின் இரண்டு தலையடிகளும் பெட்டியின் கடைசி நிமிட கோலும் சேர்ந்து பிரான்ஸ் 3-0 என்று வென்றது.

விளம்பர ஒப்பந்தம் வைத்திருந்த நைக்கி நிறுவனம் கட்டாயப்படுத்தி ஆட வைத்தது என்ற பேச்சு அன்றிரவே கிளம்பியது. பிரேசில் நாடாளுமன்றமே விசாரணைக் குழு அமைத்தது; ரொனால்டோ, சகாலோ, மருத்துவர்கள் எல்லோரும் வந்து பதில் சொன்னார்கள். கட்டாயப்படுத்தியதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. வலிப்புக்கான காரணமும் இன்றுவரை ஒருமனதாகச் சொல்லப்படவில்லை. எங்கள் பார்வையில், சதிக் கதையைவிடக் கவலைக்குரியது வேறு: சில மணி நேரத்துக்கு முன் வலிப்பு வந்த 21 வயது இளைஞனை, அவன் ஆடுகிறேன் என்று சொன்னதை வைத்து, களத்தில் இறக்கினார்கள். ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பர் பார்த்தேஸுடன் அவர் மோதி விழும் காட்சியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நெஞ்சு பதறும்.

அந்தத் தொடரில் நான்கு கோல்கள் அடித்து, சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் அவருக்கே கிடைத்தது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

முழங்காலில் என்ன உடைந்தது?

உடைந்தது எலும்பும் இல்லை, கால்பந்து வீரர்களுக்கு அடிக்கடி கிழியும் உள்மூட்டுத் தசைநாரும் இல்லை. முட்டிச் சில்லையும் கீழே இருக்கும் கணைக்கால் முன்னெலும்பையும் இணைக்கும் தசைநாண். தொடையின் முன்தசை சுருங்கும்போது அந்த இழுவிசை சில்லு வழியாக இந்த நாணில் ஏறித்தான் கால் நீள்கிறது. ஓட்டத்தின் நடுவே சட்டென்று நிற்கும்போதும் திசை மாறும்போதும் இதன்மேல் விழும் சுமை உடல் எடையைப்போலப் பல மடங்கு.

1999 நவம்பர் 21, லெச்சேவுக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்காலில் நாண் ஓரளவு கிழிந்தது. நவம்பர் 30 அன்று பாரிஸில் மருத்துவர் ஜெரார் சாய்யான் தைத்தார். 2000 ஏப்ரல் 12, ரோமில் லாட்சியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் சுற்றில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். பந்தோடு லாட்சியோ தற்காப்பாளர் ஃபெர்னாண்டோ கூட்டோவை நோக்கி ஓடி, ஸ்டெப்ஓவர் போட்டுக் காலை ஊன்றினார். யாரும் தொடவில்லை. முழங்கால் அப்படியே மடங்கியது. நாண் முழுதாக அறுந்து, பிடிமானம் போன சில்லை முன்தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டது.

அறுவை சிகிச்சைக்கும் மறுபிரவேசத்துக்கும் நடுவே நாலரை மாதம்கூட இல்லை. தைத்த தசைநாண் பழைய பலத்தை எட்ட ஒன்பது மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவும் தொடைத் தசை மறுபக்கத்துக்குச் சமமாகத் தேறிய பிறகுதான் வெடிப்பு வேகத்தில் ஓட வேண்டும். இரண்டாவது முறை அவசரப்படவில்லை. 2000-01 சீசன் முழுவதும் வெளியே. 2001 செப்டம்பரில்தான், ஏறக்குறைய 17 மாதம் கழித்து, இன்டருக்காகப் போட்டி ஆட்டம் ஆடினார்.

இளம் வீரர்கள் கவனிக்க வேண்டியது: சில்லுக்குச் சற்றுக் கீழே, விரலால் தொட்டுக் காட்டும்படியான வலி, ஆட்டம் முடிந்து மறுநாளும் இருந்தால் அது எச்சரிக்கை. உடம்பு சூடானதும் குறைவதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். குதிப்பதையும் திடீர் நிறுத்தங்களையும் குறைத்துவிட்டு, விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிநிவாரணி போட்டுக்கொண்டு ஆடாதீர்கள்.

2002 உலகக் கோப்பைக்கு அவரை நம்பி எடுத்தது சரியான முடிவுதானா?

எடுத்தபோது பலர் இல்லை என்றார்கள். அந்த சீசன் முழுவதும் சேர்த்து இன்டருக்கு 16 ஆட்டங்கள்தான். பிரேசில் தகுதிச் சுற்றில் தட்டுத்தடுமாறி வந்திருந்தது. ரொமாரியோவை எடுக்கச் சொல்லி நாடே கேட்டும் பயிற்சியாளர் லூயிஸ் ஃபெலிப்பெ ஸ்கொலாரி மறுத்துவிட்டு, ரொனால்டோவுக்காகக் காத்திருந்தார்.

ஸ்கொலாரி செய்த புத்திசாலித்தனம் அவரைப் பழைய ரொனால்டோவாக ஆட வைக்காததுதான். பின்னால் மூன்று நடுத் தற்காப்பாளர்கள், இருபுறமும் காஃபுவும் ராபர்டோ கார்லோஸும், முன்னால் ரிவால்டோவும் ரொனால்டினோவும் பந்தைக் கொண்டுவர, இவர் வேலை கடைசி இருபது மீட்டருக்குள் சுருங்கியது. துருக்கி, சீனா, கோஸ்டாரிகா (இரண்டு), பெல்ஜியம், அரையிறுதியில் மறுபடி துருக்கி, இறுதியில் ஜெர்மனி (இரண்டு): ஏழு ஆட்டங்களில் எட்டு கோல்கள். இங்கிலாந்துக்கு எதிராக மட்டும் அடிக்கவில்லை.

துருக்கிக்கு எதிரான அரையிறுதி கோலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாலு பேர் சூழ்ந்திருக்க, காலைப் பின்னுக்கு இழுக்காமலே விரல்நுனியால் பந்தைக் குத்துகிறார். அடிக்கப்போகிறார் என்பதைக் காட்டும் அறிகுறியே இல்லாததால் கோல்கீப்பர் ருஷ்டு தாமதமாகத்தான் சாய்கிறார். இடமில்லாத ஃபுட்சால் தளத்தில் பழகிய அடி அது.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி மாலை நாலரைக்குத் தொடங்கியது இறுதிப்போட்டி. 67-வது நிமிடம்: இவரே ஜெர்மனியின் ஹமானிடமிருந்து பந்தைப் பறித்து ரிவால்டோவிடம் தள்ளுகிறார், ரிவால்டோ அடித்ததைக் கோல்கீப்பர் ஆலிவர் கான் நழுவவிடுகிறார், அதற்குள் இவர் அங்கே நிற்கிறார். 79-வது நிமிடம்: க்ளெபெர்சன் வலமிருந்து பாஸ் கொடுக்க, ரிவால்டோ தொடாமல் கால்களுக்கு நடுவே விட, பெனால்டி பகுதி விளிம்பிலிருந்து ஓரத்தைப் பார்த்து ஒரே அடி.

2002-ல் வைத்திருந்த அந்த முக்கோணத் தலைமுடி ஏன்?

அரையிறுதிக்கு முன் காலில் தசைப்பிடிப்பு இருந்தது. செய்தியாளர்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்ததால் பேச்சைத் திருப்ப வெட்டிக்கொண்டதாகப் பின்னர் அவரே சொன்னார். பிள்ளைகள் அதே மாதிரி வெட்டிக்கொண்டதற்கு அம்மாக்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

ரியல் மாட்ரிட்டில் ஆடியது பழைய ரொனால்டோவின் நிழல்தானா?

இந்தக் கருத்து நியாயமில்லை. 177 ஆட்டங்களில் 104 கோல்கள். 2002 அக்டோபரில் அலவெஸுக்கு எதிராக முதன்முறை இறங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் அடித்தார். டிசம்பரில், உலகக் கோப்பை வென்ற அதே யோகோஹாமா மைதானத்தில், ஒலிம்பியாவுக்கு எதிரான கண்டங்களுக்கிடையிலான கோப்பையிலும் அடித்தார். முதல் சீசனில் லீக் பட்டம். 2003-04-ல் 24 கோல்களுடன் லீக்கின் அதிக கோல் அடித்தவர்.

2003 ஏப்ரல் 23, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல்கள். முதலாவது, கூட்டியின் பாஸை ஓடிப்போய் எடுத்து அருகிலிருந்த கம்பத்துப் பக்கம், இரண்டாவது, ராபர்டோ கார்லோஸ் கொடுத்ததைக் காலி வலையில், மூன்றாவது, தூரத்திலிருந்து. ஆட்டத்தை யுனைடெட் 4-3 என்று வென்றது, இரு சுற்றுகளும் சேர்த்து மாட்ரிட் 6-5 என்று முன்னேறியது. 67-வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தபோது எதிரணியின் மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த மூன்று கோல்களிலும் பந்தோடு ஆட்களைத் தாண்டி ஓடும் நீண்ட டிரிபிள் ஒன்றுகூட இல்லை. காலில் குறைந்துபோனதைக் கண்ணாலும் நேரக்கணிப்பாலும் ஈடுகட்டிய வீரர் அவர்.

சாம்பியன்ஸ் லீக் ஏன் வெல்லவில்லை?

நேரம் ஒத்துவரவில்லை. 2003-ல் அரையிறுதியில் யுவென்டஸிடம் மாட்ரிட் தோற்றது. 2007 ஜனவரியில் ஏசி மிலனுக்கு மாறினார். அந்த ஆண்டு மிலன் வென்றது, ஆனால் அதே சீசனில் மாட்ரிட்டுக்காக ஆடியிருந்ததால் விதிப்படி அவரால் ஆட முடியவில்லை. 2008 பிப்ரவரியில் லிவோர்னோவுக்கு எதிராக இடது முழங்காலிலும் அதே தசைநாண் அறுந்தது.

மொத்தம் எத்தனை கோல்கள்? தளத்துக்குத் தளம் எண் மாறுகிறதே?

நட்பு ஆட்டங்களைச் சேர்ப்பதும் விடுவதும்தான் காரணம், குறிப்பாக க்ருசேரோ காலத்தில். அதிகாரபூர்வ ஆட்டங்களை மட்டும் எடுத்தால்: க்ருசேரோ 44, பிஎஸ்வி 54, பார்சிலோனா 47, இன்டர் 59, ரியல் மாட்ரிட் 104, மிலன் 9, கொரிந்தியன்ஸ் 35. கூட்டினால் 518 கிளப் ஆட்டங்களில் 352. பிரேசிலுக்கு 98 ஆட்டங்களில் 62. ஒலிம்பிக் அணி ஆட்டங்களைச் சேர்க்கும் பட்டியல்களில் இது கூடும்.

ஆனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பது இவர் விஷயத்தில் தவறான கணக்கு. 1998-99 சீசன் முடிய, 22 வயதுக்குள், 228 கிளப் ஆட்டங்களில் 194 கோல்கள் அடித்திருந்தார். அதற்குப் பிறகு 290 ஆட்டங்களில் 158. முதல் பாதியில் நூறு ஆட்டத்துக்கு 85 கோல். இரண்டாம் பாதியில் 54. அந்த இரண்டாம் பாதியே வேறொரு முன்கள வீரருக்குப் பெருமைப்படும்படியான வாழ்நாள் கணக்கு. வயதை ஒத்துப் பார்க்காமல் பிற வீரர்களோடு ஒப்பிடும் பட்டியல்கள் இதைக் காட்டுவதில்லை.

உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த சாதனை இன்னும் அவரிடம் இருக்கிறதா?

இல்லை. 1998-ல் நான்கு, 2002-ல் எட்டு, 2006-ல் மூன்று என 15. கானாவுக்கு எதிராக அடித்த பதினைந்தாவது கோலால் ஜெர்மனியின் கெர்ட் முல்லரின் 14-ஐக் கடந்தார். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசாண்டேயில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் மிரோஸ்லாவ் குளோசே 16-ஐத் தொட்டார். ரொனால்டோ அப்போது தொலைக்காட்சி வர்ணனையாளராக அதே மைதானத்தில் இருந்தார். பெண்கள் உலகக் கோப்பையில் பிரேசிலின் மார்த்தா 17 அடித்திருக்கிறார்.

உடல் எடை கூடியது சோம்பலாலா?

2011 பிப்ரவரி 14 அன்று ஓய்வை அறிவித்தபோது தனக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதையும், மிலனில் இருந்தபோதே அது கண்டறியப்பட்டதையும் சொன்னார். வளர்சிதை வேகத்தைக் குறைக்கும் நோய் அது. சிகிச்சை எடுத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியிருப்பேன் என்றும் கூறினார். ஆனால் தைராக்சின் தடைப் பட்டியலில் இல்லை என்று மருத்துவர்கள் உடனே திருத்தினார்கள். இரண்டு முழங்கால்களிலும் அறுவை நடந்தவர் முன்புபோல ஓடி எடையைக் குறைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளைக் கேலிசெய்யும் படங்களைப் பகிர்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

கொரிந்தியன்ஸில் ஆடியது வெறும் விளம்பரத்துக்கா?

விளம்பர வருமானம் கிளப்புக்குக் கொட்டியது உண்மை. ஆட்டமும் இருந்தது: 2009-ல் சாவோ பாவ்லோ மாநிலப் பட்டமும் பிரேசில் கோப்பையும். முதல் கோலே பரம எதிரியான பல்மெய்ராஸுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் தலையால் அடித்த சமன் கோல். கொண்டாட ரசிகர்கள் பக்கம் இருந்த கம்பிவேலியில் ஏறினார், வேலி சாய்ந்துவிட்டது. சிகிச்சைக் காலத்தில் ஃபிளமெங்கோவில் பயிற்சி எடுத்துவிட்டுக் கொரிந்தியன்ஸுக்குப் போனதால் ரியோ ரசிகர்களின் கோபத்தையும் சம்பாதித்தார்.

இப்போது என்ன செய்கிறார்?

2018-ல் ஸ்பெயினின் ரியல் வயடோலிட் கிளப்பில் 51 சதவீதப் பங்கு வாங்கினார். 2021 இறுதியில், கடனில் மூழ்கி இரண்டாம் பிரிவில் கிடந்த தன் முதல் கிளப்பான க்ருசேரோவை எடுத்துக்கொண்டார். 2022-ல் அது முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2024-ல் க்ருசேரோவையும் 2025-ல் வயடோலிடையும் விற்றார். பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்குப் போட்டியிட முன்வந்து, மாநிலக் கூட்டமைப்புகளின் ஆதரவு கிடைக்காததால் 2025 மார்ச்சில் விலகினார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

கோல் தொகுப்புகளில் தொடங்காதீர்கள். அவர் பந்தில்லாமல் நிற்கும் இடம் அதில் தெரியாது. முதலில் 1996 வலென்சியா ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள்: அவர் பந்தை வாங்கும் இடம் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து 1998 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி, அன்று லாட்சியோ தற்காப்பில் இருந்த நெஸ்டா எத்தனை முறை பின்வாங்குகிறார் என்பதற்காக. பிறகு 2002 இறுதி, அதற்குப் பின் ஓல்ட் டிராஃபோர்ட். கடைசியாக, 2004 ஜூன் 2 பெலோ ஒரிசாண்டேயில் அர்ஜென்டினாவுக்கு எதிரான தகுதிச் சுற்று: 3-1, மூன்றும் ரொனால்டோ அடித்த பெனால்டி, மூன்று ஃபவுல்களும் அவர் மேலேயே. முழங்கால் இரண்டு முறை தைக்கப்பட்ட பிறகும் அவரைச் சட்டப்படி நிறுத்த வழி தெரியாமல் தற்காப்பாளர்கள் தவிப்பதை அதில் காணலாம்.